திரும்பி உட்கார்ந்த மலை

ஒரு மலை இருந்தது, அந்த மலைக்கு ஒரு முகம் இருந்தது, அந்த முகத்தில் ஒரு மூக்கு இருந்தது, அந்த மூக்கைக் காட்டிப் பிழைக்க முகமலை என்று ஒரு ஊர் இருந்தது, அந்த ஊரில் அந்த மூக்கை மூங்கில் குச்சியால் சுட்டிக் காட்டுவதற்குப் பெருமாயி என்று ஒருத்தி இருந்தாள். மலையைச் சுற்றியிருந்த காடு தேசியப் பூங்கா. யானையும் காட்டுமாடும் வரையாடும் அதற்குள் உண்டென்று வாசல் போர்டில் படம் போட்டிருந்தார்கள் என்றாலும், வருகிறவர்கள் யாரும் அவற்றை நம்பி வரவில்லை, ஏனென்றால் யானை சொன்ன நேரத்துக்கு வராது, மலை எந்நேரமும் அங்கேயே உட்கார்ந்திருக்கும். ராசாத்தி மலை என்று பெயர். கால்களை மடக்கிப் போட்டு ஊரைப் பார்த்து உட்கார்ந்த பெண்பிள்ளை மாதிரி இருக்கும், ஆனால் யாராவது சுட்டிக் காட்டும்வரை அது வெறும் பாறைதான்.

அதனால்தான் பெருமாயி. பார்வை முனையின் கம்பி வேலி ஓரமாகப் பழைய சாக்கு ஒன்றை விரித்துக்கொண்டு, கார்கள் வந்து நின்றதும் குச்சியோடு எழுந்து, பல வருஷமாக ஒரே ராகத்தில் சொல்வாள்: "என் குச்சி நுனியைப் பாருங்க சார், குச்சியைப் பார்க்காதீங்க, நுனியைப் பாருங்க. அந்தா நெத்தி. அதுக்குக் கீழ இறங்குங்க, மூக்கு. பக்கத்துல மின்னுதே ஊத்து, அதுதான் மூக்குத்தி. கிட்ட வந்து பாருங்க, எடுப்பா இருக்கும்." அவர்கள் கிட்ட வந்து பார்ப்பார்கள். பார்த்துவிட்டுப் "போட்டோவுல பார்த்த மாதிரி இல்லையே" என்பார்கள், "மூக்கு இவ்வளவுதானா" என்பார்கள், "கலர் கம்மியா இருக்கு" என்று மழைக்காலத்து மலையைப் பார்த்துச் சொன்னவர்களும் உண்டு. பெருமாயி எல்லாரிடமும் சிரித்த முகமாக, வெயில் பட்டால் கலர் ஏறும் என்பாள்.

வீட்டில் அவளுக்கு ஒரு மகள், வைரச்செல்வி. பூங்கா வாசல் சோதனைச் சாவடியில் காண்ட்ராக்ட் வேலை. உள்ளே போகிற கார்களை நிறுத்தி, பைகளைப் பிரிக்கச் சொல்லி, பிளாஸ்டிக் பாட்டிலையும் சிப்ஸ் பாக்கெட்டையும் பிடுங்கி வைக்கிற வேலை, அதனால் ஊரில் அவளுக்கு வாயாடி என்று பெயர். முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். பெண் பார்க்க வந்தவர்கள் வரிசையாக வந்தார்கள், வரிசையாகப் போனார்கள். வந்தவர்கள் முன்னால் செல்வியை ஜன்னல் பக்கமாக, வெளிச்சம் விழுகிற நாற்காலியில் உட்காரவைத்து, பெருமாயி தன் ராகத்தில் சொல்வாள், பக்கத்துல வந்து பாருங்க மதினி, மூக்கு எடுப்பா இருக்கும், நேர்ல கலர் கம்மியாத் தெரியுது, மஞ்சள் பூசினா ஏறிரும். அவர்கள் பக்கத்தில் வந்து பார்ப்பார்கள், பஜ்ஜி தின்பார்கள், "போய்க் கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்புறோம்" என்பார்கள். யாரும் இதுவரை சொல்லி அனுப்பியதில்லை. பஜ்ஜி நன்றாக இருந்ததாக மட்டும் தரகர் அய்யாக்குட்டி மூலம் தகவல் வரும்.

அப்படி ஒரு கூட்டம் வந்து, மூக்கு சப்பை என்று வாசலில் செருப்புப் போடும்போதே பேசிக்கொண்டு போன அதே வாரம், ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மூடுபனி விலகியபோது, ராசாத்தி மலை முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

சத்தம் எதுவும் கேட்கவில்லை. ஒரு கல் உருளவில்லை, ஒரு மரம் சாயவில்லை, யானைகள் வழக்கமான தடத்திலேயே போய் வழக்கமான வாழைத்தோட்டத்தை அழித்துவிட்டு வந்திருந்தன. பக்கத்து மலைகள் இருந்த இடத்தில் இருந்தன. இவள் ஒருத்தி மட்டும் உட்கார்ந்த வாக்கிலேயே திரும்பி, இத்தனை நாள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்த புறமலை என்ற ஊருக்கு முகத்தைக் கொடுத்து, முகமலைக்கு முதுகைக் கொடுத்திருந்தாள். முதலில் பார்த்தது பெருமாயிதான். அவள் குச்சியைத் தூக்கினாள், நெற்றி இருக்க வேண்டிய இடத்தில் பின்னந்தலையைக் கண்டாள், குச்சியை இறக்கினாள். அன்றைக்கு வந்த முதல் காரில் இருந்தவர்களிடம், "இன்னைக்கு லீவு சார்" என்றாள்.

ஊர் ஆச்சரியப்படவில்லை, கோபப்பட்டது. பத்து மணிக்கெல்லாம் லாட்ஜ் உரிமையாளர் சங்கம் கூடியது. தலைவர் வேலவேந்தன் நடத்துகிற விடுதியின் பெயரே 'முகதரிசனம்'. அவருக்கு வந்த கோபத்தில் மைக் இல்லாமலே பேசினார். மலைக்கு நாம் என்ன குறை வைத்தோம், நம்மால்தானே அதற்கு ஒரு பெயர், நாம் வருவதற்கு முன்னால் அதை யார் பார்த்தார்கள், ஆட்டுக்காரனும் அட்டைப்பூச்சியும்தானே பார்த்தார்கள் என்று அவர் கேட்டபோது, சங்கமே கைதட்டியது. பிறகு மலையை யார் கோபப்படுத்தியது என்ற விசாரணை தொடங்கி, ஜீப்காரர்கள் ஓட்டல்காரர்களைச் சொல்ல, ஓட்டல்காரர்கள் குதிரைக்காரர்களைச் சொல்ல, குதிரைக்காரர்கள் குதிரைகளைச் சொல்ல, மத்தியானச் சாப்பாட்டோடு விசாரணை முடிந்தது.

வனத்துறை தன் பங்குக்கு நடவடிக்கை எடுத்தது. தேசியப் பூங்காவுக்குள் ஒரு சருகைக்கூட முன் அனுமதி இல்லாமல் இடம் மாற்றக் கூடாது, அப்படியிருக்க இவ்வளவு பெரிய உருப்படி தானாகத் திரும்பியது விதிமீறல் என்று வனச்சரகர் ஒரு நோட்டீஸ் அடித்தார். மலையின் எந்தப் பக்கத்தில் ஒட்டுவது என்று தெரியாததால் அதைச் சோதனைச் சாவடிச் சுவரில் ஒட்டினார்கள். அதற்குக் கீழேதான் வைரச்செல்வி உட்கார்ந்து பாட்டில் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

கோபித்துக்கொண்ட பெண்பிள்ளையை என்ன செய்வார்கள்? சேலை எடுத்துக் கொடுப்பார்கள். முகமலையும் அதைத்தான் செய்தது. அரக்கு நிறத்தில் பட்டு, அதன்மேல் பூ, பழம், வளையல், மஞ்சள் குங்குமம் என்று தாம்பாளங்களை ஏற்றிக்கொண்டு சுமங்கலிகள் ஜீப்புகளில் போனார்கள். பூவைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் கவருக்காகச் செல்வி அவர்களைச் சாவடியில் நிறுத்தினாள். "ராசாத்தி கோவத்தைத் தணிக்கப் போறோம், வழி விடுத்தா" என்றார்கள். "கவரைக் கழட்டிட்டுப் போய்த் தணிங்க அத்தை" என்றாள் செல்வி. வாக்குவாதம் முற்றிக்கொண்டிருந்த நேரத்தில் குரங்குகள் இறங்கி வந்து பழத்தைத் தின்று, ஒரு தாய்க்குரங்கு வளையலை மாட்டிக்கொண்டு மரமேறியது. காணிக்கை சேர்ந்துவிட்டது, நல்ல சகுனம் என்று எல்லாரும் திரும்பி வந்தார்கள். மலை திரும்பவில்லை.

திரும்பாதென்று ஆனதும் ஊர் சுதாரித்துக்கொண்டது. முகமலைக்காரர்களைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், துக்கத்தில் அதிக நாள் உட்காருகிறவர்கள் என்று சொல்ல முடியாது. முதுகுக்கு என்ன குறைச்சல் என்று வேலவேந்தன்தான் முதலில் கேட்டார். கேட்ட வாரமே 'முகதரிசனம்' என்ற பலகை 'முழுதரிசனம்' ஆனது. பழைய படத்தில் மூக்கு இருந்த இடத்தில் பெயிண்டர் அகலமாக முதுகை வரைந்தான். 'முகமலை தங்களை அன்புடன் வரவேற்கிறது' என்ற வளைவை மட்டும் மாற்றவில்லை, சிமெண்டில் செய்துவிட்டார்கள். புதிய பார்வை முனையைத் திறந்து வைக்க அமைச்சர் ஒருவர் வந்தார்; முதுகும் மலையின் ஓர் அங்கமே என்று அவர் பேசியது மறுநாள் செய்தியாக வந்தது. மேடைக்கு முதுகைக் காட்டி நின்று அவரோடு எல்லாரும் படம் எடுத்துக்கொண்டார்கள்.

பெருமாயி புது ராகம் கற்றுக்கொண்டாள். மலையின் பின்னந்தலையிலிருந்து இடுப்புவரை ஓர் அருவி இறங்கியது, இத்தனை காலம் புறமலைக்குச் சொந்தமாக இருந்த அருவி. "என் குச்சி நுனியைப் பாருங்க சார். நடுவுல வெள்ளையா இறங்குதே, அதுதான் சடை. சடை நுனியில பரவுது பாருங்க, குஞ்சம். கிட்ட வந்து பாருங்க, மூணு பிரியும் தெரியும்." கூட்டம் முன்பைவிட அதிகமாக வந்தது. முகம் காட்டுகிற மலை எந்த ஊரிலும் உண்டு, முகம் திருப்பிய மலை இங்கே மட்டும்தான் என்று பேச்சாகிவிட்டது. புதுசாகக் கல்யாணமானவர்கள் வந்து, சண்டை போட்டவர்கள் மாதிரி முதுகோடு முதுகு சேர்த்து நின்று படம் எடுத்தார்கள். மயிரைக் கட்டி மலையை இழு, வந்தால் மலை, போனால் மயிர் என்பார்கள். முகமலைக்கு மலையின் மயிரே போதுமாக இருந்தது. ஐப்பசி பிறப்பதற்குள், முகம் என்ற ஒன்று இருந்ததையே ஊர் மறந்தது.

மறுபக்கத்துச் செய்திகள் பஸ் வழியாக வந்தன. புறமலையில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் திடீரென்று எதிரே ஒரு முகம் உட்கார்ந்து பார்ப்பதைக் கண்டு சங்கடப்பட்டார்களாம். ஓடையில் குளிக்க முடியவில்லையாம், பெண்டாட்டியை அடிக்கக் கை ஓங்கினால் கை இறங்கவில்லையாம், மிளகு எடை போடுகிற வியாபாரி தராசைத் துணி போட்டு மறைத்தானாம். பிறகு பழகிவிட்டது. காலையில் கதவைத் திறந்ததும் "என்னத்தா, தூங்கினியா" என்று மலையைக் கேட்டுவிட்டு வேலையைப் பார்க்கிறார்களாம். வேலவேந்தன் அங்கே இடம் வாங்க ஆள் அனுப்பினார். எதுக்கு என்று கேட்டார்களாம். முகத்தைப் பார்க்கத்தான் என்றதும், "இங்க நாங்க பார்க்குறதில்லை, அவதான் எங்களைப் பார்க்குறா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். விவரம் கெட்ட ஜனங்கள் என்று முகமலை சிரித்தது.

கார்த்திகையில் அய்யாக்குட்டி மறுபடி வந்தார். பழனிப் பக்கம், நல்ல குடும்பம், பையன் சொந்தமாக விசைத்தறி வைத்திருக்கிறான், போட்டோ பார்த்துவிட்டார்கள், பிடித்திருக்கிறது. "ஞாயித்துக்கிழமை வர்றாக. அப்படியே மலை முதுகையும் பார்த்துக்கிறாகளாம். இதையும் விட்டா இனி ரெண்டாந்தாரம்தான் வரும், பார்த்துக்க" என்றார்.

பெருமாயிக்கு அந்த வார்த்தை நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. புருஷன் போன பிறகு அவளுக்கு இருந்தது ஒரே பயம், தான் கண்ணை மூடிவிட்டால் இந்தப் பிள்ளை யார் வாசலில் நிற்கும் என்கிற பயம். சோறு பிசையும்போதும் அதுதான், குச்சியைத் தூக்கும்போதும் அதுதான்.

"ஏத்தா செல்வி, இந்த ஒருதரம்" என்றாள்.

"போன தடவையும் இதைத்தான சொன்ன."

"இதுதான் கடைசி. உங்கப்பன் மேல சத்தியம்."

"சரி. இதுதான் கடைசி" என்றாள் செல்வி. இருவரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள்: பையன், அவன் அம்மா, அவன் அக்கா, இவர்களோடு அய்யாக்குட்டி. பார்வை முனைக்குப் போய் மலையை முடித்துவிட்டு வந்திருந்தார்கள். சடை நன்றாக இருக்கிறது, ஆனால் போட்டோவில் இன்னும் நீளமாகத் தெரிந்தது என்று பையனின் அம்மா சொன்னாள். பெருமாயி அடுப்படியில் வாழைக்காய் பஜ்ஜியை எண்ணெயில் புரட்டிக்கொண்டே, "ஏத்தா, வா, காப்பி கொண்டாந்து குடு" என்று குரல் கொடுத்தாள்.

செல்வி வந்தாள். மாம்பழ நிறச் சேலை, மல்லிகைப்பூ, எல்லாம் அம்மா சொன்னபடி. ஆளுக்கொரு டம்ளர் கொடுத்தாள். பிறகு ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் போட்டிருந்த நாற்காலியைத் தூக்கி, மெதுவாகத் திருப்பி வைத்து, ஜன்னலைப் பார்த்து, வந்தவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

காப்பி உறிஞ்சுகிற சத்தம் நின்றது.

"என்ன, பொண்ணு அங்கிட்டு பார்த்து உட்கார்ந்திருக்கு?" என்றாள் பையனின் அம்மா.

"வெக்கம்" என்றார் அய்யாக்குட்டி.

"வெக்கம்னா தலையைத்தான் குனியும், நாற்காலியைத் திருப்பாது" என்றாள் பையனின் அக்கா.

"இல்லீங்க, இந்த ஊர்ல இப்ப இதுதான் பழக்கம். மலையைப் பார்த்தீகல்ல, மந்திரியே வந்து திறந்து வச்சிட்டுப் போனாரு" என்று தரகர் சமாளித்தார். அவர் சொன்னது எடுபட்டது என்பதுதான் விசேஷம். பையனின் அம்மா யோசனையோடு தலையாட்டினாள். அதுவரை பேசாமல் இருந்த பையன் கழுத்தை எட்டி, "பூ வச்சது போக முடி எவ்வளவு இருக்கும்?" என்று பெருமாயியைக் கேட்டான்.

கேள்வி கேட்டால் பதில் சொல்லிப் பழகிய வாய். பெருமாயி அடுப்படி வாசலிலிருந்து நாற்காலிப் பக்கம் வந்து, அவளை அறியாமல் கை உயர, கையில் இருந்த பஜ்ஜிக் கரண்டி நீள, ராகத்தைத் தொடங்கிவிட்டாள்: "என் கரண்டி நுனியைப் பாருங்க. நடுவுல இறங்குதே, அதுதான் சடை. சடை நுனியில குஞ்சம். கிட்ட வந்து பாருங்க, மூணு பிரியும் தெரியும்..."

மூவரும் எழுந்து கிட்ட வந்து குனிந்தார்கள். பார்வை முனையில் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு குனிவார்களே, அதே குனிவு. கரண்டியிலிருந்து எண்ணெய் சொட்டி, செல்வியின் நாற்காலிக்குப் பின்னால் தரையில் விழுந்தது.

"முடிஞ்சதாம்மா?" என்றாள் செல்வி, திரும்பாமலே. "இன்னும் காட்ட ஏதாச்சும் இருக்கா?"

பெருமாயி தன் கையைப் பார்த்தாள், கரண்டியைப் பார்த்தாள், மகளின் முதுகைப் பார்த்தாள். பெற்று, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய முதுகு. மலையைக் காட்டியது பிழைப்புக்கு, அதை மலை எப்படி எடுத்துக்கொண்டாலும் சரி, பெற்ற பிள்ளையை இத்தனை வருஷம் எதற்கு இப்படி நெற்றி, மூக்கு, கலர் என்று பிரித்துப் பிரித்துக் காட்டினோம் என்று அவளுக்கு அழுகை முட்டியது, வெட்கமாக இருந்தது, வந்தவர்கள் மேல் வந்த கோபத்தைவிடத் தன் மேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது. கரண்டியை இறக்கினாள்.

"உட்காருங்க. பஜ்ஜி ஆறுது, சாப்பிட்டுட்டுக் கிளம்புங்க" என்றாள். "நானும் எம் மகளும் கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்புறோம்."

அவர்கள் பஜ்ஜியைத் தொடாமலே போனார்கள். அய்யாக்குட்டி மட்டும் வாசல்வரை போய்த் திரும்பி வந்து, தட்டைக் காலி செய்துவிட்டு, இனி இந்தப் படியை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். செல்வியின் முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது. அழுகிறாளோ என்று பெருமாயி பதறிப்போய் முன்பக்கம் வந்து பார்த்தபோது, அவள் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தாள்.

மறுநாள் பெருமாயி பார்வை முனைக்குப் போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. சுட்டிக் காட்ட ஆளில்லாமல் பயணிகள் கம்பி வேலியில் நின்று, எது சடை, எது குஞ்சம் என்று தெரியாமல், வெறும் அருவியைப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லிப் போனார்களாம். வேலவேந்தன் ஆள் அனுப்பினார். அதற்குள் தாயும் மகளும் புறமலை பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். மலையின் முகத்தைக் காட்டியே வயதைக் கழித்தவள், அந்த முகத்தின் பக்கம் போவது அதுதான் முதல் தடவை.

புறமலை பஸ் நிறுத்தத்தில் ஒரு டீக்கடையும் ஒரு சிமெண்ட் பெஞ்சும் இருந்தன. வளைவும் இல்லை, போர்டும் இல்லை. பெஞ்சு மலைக்கு நேர் எதிரே கிடந்தது. டீக்கடைக்காரி பாலைச் சுடவைத்துக்கொண்டே, "வெளியூரா? பார்க்க வந்தீகளாக்கும். தாராளமாப் பாருங்க. ஆனா அவளும் பார்ப்பா" என்றாள்.

பெருமாயி நிமிர்ந்தாள். குச்சி இல்லை. நெற்றி எங்கே, மூக்கு எங்கே என்று தேட வேண்டியிருக்கவில்லை. முழு முகமாக, அவ்வளவு கிட்டத்தில், ராசாத்தி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் கோபம் இருந்த மாதிரியும் தெரியவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான், அவசரம் இல்லாமல் பார்த்தாள். பெருமாயி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள், முகத்தைத் துடைத்தாள், நரைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள், வெளிச்சம் படுகிற பக்கமாக நகர்ந்தாள், பிறகு வெளிச்சம் வேண்டாம் என்று இந்தப் பக்கம் நகர்ந்தாள். கை தானாக மூக்கைத் தொட்டுப் பார்த்தது. அது சப்பை மூக்குதான். மகளுக்குக் கொடுத்த மூக்கு.

"ஏத்தா செல்வி" என்றாள் மெதுவாக, "நான் நல்லா இருக்கனா?"

செல்வி பெஞ்சில் பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டினாள். "உட்காரும்மா" என்றாள். "டீ வருது."